எஸ்பிளனேட் கலையரங்கம்: அளவும் ஒலியும் உரிமையும்

தோற்றுவாய்

குவீன்ஸ்டவுன் நிலையத்தில் ரயில் ஏறிக் கிழக்கு நோக்கிச் சென்றால் ஆறாவது நிலையம் நகர மண்டபம். அங்கே இறங்கி நிலத்தடி நடைபாதை வழியே சிறிது தொலைவு நடந்தால் எஸ்பிளனேட் கலையரங்கத்தை அடையலாம். தொலைவு மிகக் குறைவு. ஆயினும், அக்கட்டடத்தை அஞ்சல்தலையிலும் பாடநூல் படத்திலும் பார்த்தவர்களாய், அதன் உள்ளே ஒருமுறையும் சென்றிராதவர்களாய் நம் பேட்டைகளில் பலர் வாழ்கின்றனர். “அது நமக்கானதா?” என்ற தயக்கமே அவர்களை வாயிலில் நிறுத்துகிறது. இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவும் அதுவே. விடை காண, கட்டடத்தின் அழகைப் போற்றினால் மட்டும் போதாது. சிங்கப்பூரில் அரங்குகள் எழுந்த வரலாற்றையும், ஓர் அரங்கின் அளவும் ஒலியும் யாருடைய குரலுக்கு இடம் தருகின்றன என்பதையும் நோக்குதல் வேண்டும்.

வினாவைக் குவீன்ஸ்டவுனிலிருந்தே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் எலிசபெத் அரசியார் 1953ஆம் ஆண்டில் முடிசூடியதன் நினைவாகப் பெயர் பெற்ற இப்பேட்டையே சிங்கப்பூரின் முதல் துணை நகரம். ஒரு நகரத்திற்கு வீடுகள் மட்டும் போதா, மக்கள் கூடிக் காணவும் கேட்கவும் படிக்கவும் இடங்கள் வேண்டும் என்பதை முதலில் சோதித்துப் பார்த்த களமும் இதுவே. நாட்டின் முதல் கிளை நூலகம் 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இங்குத் திறக்கப்பட்டது. மார்கரெட் டிரைவ் பகுதியில் வீனஸ், கோல்டன் சிட்டி என்னும் திரையரங்குகள் 1960களில் இயங்கின. 1977இல் எழுந்த திரையரங்கும் பந்துருட்டு நிலையமும் 1999இல் மூடப்பட்டு 2013இல் இடிக்கப்பட்டன. நூலகம் இன்றும் நிலைத்திருக்கிறது.

பேட்டை மக்களுக்கு மற்றோர் அரங்கும் இருந்தது. அது வீட்டு வரவேற்பறையில் இருந்த வானொலிப் பெட்டி. புதுமைதாசன் என்னும் பெயரில் எழுதிய பி. கிருஷ்ணனின் ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ 1960களின் இறுதியில் ஒலித்தபோது, அடுக்குமாடி வாழ்க்கை தமிழ் நாடகமாயிற்று. அந்நாடகத்திற்குத் திரையில்லை, இருக்கை எண்ணில்லை, நுழைவுச்சீட்டில்லை; கேட்பவர் செவியே மேடை. அக்குரல் வீட்டைவிட்டு வெளியே வந்து, நகரின் நடுவே எழுந்த பெரிய அரங்கினுள் எவ்வாறு இடம்பெற்றது என்பதையே தொடர்ந்து காண்போம்.

அளவுகோல் நம்மிடமே உண்டு

அரங்குக் கட்டடக்கலை என்றவுடன் நம் மாணவர்கள் ஐரோப்பாவை நினைக்கின்றனர். அதில் தவறில்லை. காசு கொடுத்து யாரும் நுழையக்கூடிய முதல் பொது இசைநாடக அரங்கு 1637ஆம் ஆண்டில் வெனிசு நகரில் திறக்கப்பட்டது. எனினும் அரங்கின் இலக்கணத்தை நூலில் எழுதிவைத்த மரபு தமிழுக்கும் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய மேடையை அளவோடு கூறுகிறது. மலைப்பக்கத்தில் வளர்ந்த மூங்கிலில் கோல் வெட்டி, கைப்பெருவிரல் இருபத்துநான்கு கொண்ட நீளத்தை ஒரு கோல் என வைத்து, ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக மேடை வகுக்கப்பட்டது. மேடைத் தளத்திற்கும் மேலே அமைந்த உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் இடைவெளி. புகுதற்கும் போதற்கும் இரண்டு வாயில்கள். மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை நிறுத்தவேண்டும் என்பதும் அங்குச் சொல்லப்படுகிறது.

இவ்விதிகளை ஆசிரியர்கள் வகுப்பறையில் மனப்பாடப் பகுதியாக மட்டும் கடந்துவிடுதல் கூடாது. ஒரு விரல் அகலத்தை இரண்டு சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு கோல் 48 சென்டிமீட்டர். அகலம் ஏறத்தாழ 3.4 மீட்டர், நீளம் ஏறத்தாழ 3.8 மீட்டர். ஓர் அடுக்குமாடி வீட்டின் அறைக்குள் அடங்கும் மேடை அது! ஒருத்தியின் காற்சிலம்பும் கண்ணசைவும் காண்போரைச் சென்றடைய வேண்டும் என்பதற்கு ஏற்ற அளவு அது. எஸ்பிளனேட் பெரிய நாடக அரங்கின் மேடைத்தளம் 39 மீட்டர் அகலமும் 23 மீட்டர் ஆழமும் கொண்டது. மாதவியின் மேடையைப் போல் ஏறத்தாழ எழுபது மடங்கு பரப்பு. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. ஒவ்வொரு கலைக்கும் அதற்கேற்ற அளவு உண்டு. அளவு மாறினால் மேடையில் நிகழ்வதும் மாறும் என்பதே இவ்வொப்பீட்டால் நாம் பெறும் பாடம்.

வழியில் காணும் வரலாறு

நகர மண்டப நிலையத்தில் இறங்கியவுடன் நிலத்தடி வழியில் நுழைந்துவிடாமல், ஒருமுறையேனும் மேலே ஏறி நடப்பது நன்று. முதலில் எதிர்ப்படுவது செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். 1862இல் நேர்ந்தளிக்கப்பட்ட அவ்வெண்ணிறக் கட்டடம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் சுவர்ப்பூச்சு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்ற பெயரால் அறியப்பட்டது. சங்குச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்த அக்கலவை, சோழமண்டலக் கடற்கரையின் கைத்திறன். நகரின் நடுப்பகுதியைக் கட்டிய கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன என்பதற்கு அச்சுவரே சான்று.

அடுத்து பாடாங் திடல். 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பை இங்கு ஏற்றார். அவ்வணிகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் மிகப் பலர். வீழ்ந்த வீரர்களுக்காக 1945இல் கடலோரத்தில், அந்நாளில் எஸ்பிளனேட் என்று வழங்கிய அதே இடத்தில், ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. திரும்பி வந்த பிரிட்டிஷ் படை சில வாரங்களில் அதனைத் தகர்த்தது. இன்று அங்கு ஒரு நினைவுப் பலகை மட்டும் உள்ளது. கலையரங்கத்தின் பெயரைக் கேட்கும்போது கடற்காற்றும் உலாவும் மட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. தமிழருக்கு அப்பெயரில் இந்நினைவும் அடங்கியிருக்கிறது.

திடலின் தெற்கே மணிக்கூண்டோடு நிற்பது விக்டோரியா அரங்கு. 1862இல் நகர மன்றமாக முடிந்த கட்டடத்தோடு 1905இல் நினைவு மண்டபம் ஒன்று சேர்ந்தது. பழைய மன்றம் 1909இல் அரங்கமாக மாற்றப்பட்டபோது அங்கு முதலில் மேடையேறியது ஓர் ஆங்கில இசைநாடகம். குடியேற்ற ஆட்சியாளர்கள் தமக்காகத் தாமே நடித்துக்கொண்ட அரங்கு அது. ஆயினும் அரங்கு என்பது ஒரு கூட்டத்தார் கையில் நெடுங்காலம் தங்குவதில்லை. 1954இல் மக்கள் செயல் கட்சி அம்மண்டபத்தில் தொடக்கம் கண்டது. 1958இல் ‘மாஜுலா சிங்கப்பூரா’ அவ்வரங்கில் முதன்முதலாகப் பாடப்பட்டது. தமிழ் நாடகங்களும் அம்மேடையைக் கண்டன. புதுப்பிக்கப்பட்டு 2014இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அரங்கில் 614 இருக்கைகள் இருந்தன. பிறருக்காகக் கட்டப்பட்டது நம்முடையதாகும் வரலாற்றை இக்கட்டடம் கற்பிக்கிறது.

சுவரில்லாத அரங்கு

தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் தானே எழுப்பிய முதல் பெரிய அரங்கு, ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில் 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் திறக்கப்பட்ட தேசிய அரங்கு. கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் வோங் வடிவமைத்த அதன் முகப்பில் ஐந்து கூர்முனைகள் கொடியின் ஐந்து விண்மீன்களை நினைவூட்டின. முன்னே இருந்த நீரூற்று பிறையை நினைவூட்டியது. 3,420 இருக்கைகளுக்கு மேலே தூண் தடையின்றி நீண்ட கூரை. பக்கச் சுவர்கள் இல்லை. ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி என்று மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. அதனால் அதனை ‘மக்கள் அரங்கு’ என்றே அழைத்தனர்.

சுவரில்லாமையால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. சீட்டு வாங்க இயலாதோரும் குன்றுச் சரிவில் அமர்ந்து கண்டுகளித்தனர். மறுபுறம், மழைச்சாரலும் வண்டிகளின் இரைச்சலும் தடையின்றி உள்ளே வந்தன. நுண்ணிய இசைக்கும் மெல்லிய பேச்சுக்கும் அது இடமாகவில்லை. கட்டட உறுதி பற்றிய ஐயமும் விரைவுச்சாலைத் திட்டமும் சேர்ந்து, 1984இல் மூடப்பட்டு 1986இல் இடிக்கப்பட்டது.

திறந்த அரங்கு அனைவரையும் அழைக்கிறது, ஆனால் ஒலியைக் காக்க இயலவில்லை. மூடிய அரங்கு ஒலியைக் காக்கிறது, ஆனால் வாயிலில் தயக்கத்தை உண்டாக்குகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது எவ்வாறு என்பதே அடுத்து வந்தவர்கள் எதிர்கொண்ட சிக்கல்.

முட்கனியின் தோற்றம்

துணைப் பிரதமர் ஓங் டெங் சியோங் தலைமையிலான பண்பாடு, கலை ஆலோசனை மன்றம் 1989இல் தன் அறிக்கையை அளித்தது. உலகத் தரமான கலையரங்கம் ஒன்று தேவை என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. சாத்தே கடைகள் 1971 முதல் மக்களை ஈர்த்துவந்த கடலோரத்தை அடுத்து இடம் தெரிவு செய்யப்பட்டது. 1995இல் அக்கடைகள் விடைபெற்றன. நெருப்புத்தணலும் நிலக்கடலைக் குழம்பும் மணந்த இடத்தின் அருகே கட்டடப் பணி 1996இல் தொடங்கியது.

சிங்கப்பூரின் டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனமும் லண்டனைச் சேர்ந்த மைக்கேல் வில்ஃபோர்டின் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய மாதிரி 1994இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது, கண்ணாடிக் குமிழ்களைப் போன்ற அதன் கூரைகள் கடுமையாகக் குறைகூறப்பட்டன. நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை வடக்கே வெறுங்கண்ணாடிக் கூரையா என்று கேட்டோர் சிலர். இதில் ஆசியாவின் சாயல் எங்கே என்று கேட்டோர் வேறு சிலர். பின்னர் லண்டன் நிறுவனம் விலகியது. டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் பணியைத் தொடர்ந்து நடத்தியது. அந்நிறுவனத்தில் வடிவமைப்பை முன்னின்று நடத்தியவர் விகாஸ் கோர்.

வெயில் பற்றிய குறையே கட்டடத்தின் முகத்தை உருவாக்கியது. கண்ணாடிக்கு மேலே 7,139 அலுமினியக் கூர்மடிப்புகள் பொருத்தப்பட்டன. கதிரவன் நேராகத் தாக்கும் பக்கத்தில் அவை தாழ்ந்து மூடுகின்றன. தாக்காத பக்கத்தில் விரிந்து திறக்கின்றன. நேர்வெயில் தடுக்கப்பட்டு, பரவிய ஒளி மட்டும் உள்ளே இறங்குகிறது. பனையோலைப் பின்னல் தாழ்வாரம் வெயிலைச் சல்லடையிடுவதும் இவ்வாறே. கூர்முனைகள் நிறைந்த அவ்விரு கூரைகளையும் கண்ட மக்கள் ‘டுரியான்’ என்று பெயரிட்டனர். வடிவமைத்தோர் அப்பழத்தை மனத்திற்கொண்டு வரையவில்லை. ஆயினும் மக்கள் ஒன்றைத் தம் நாவுக்குப் பழகிய பெயரால் அழைக்கத் தொடங்கிவிட்டால், அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டனர் என்றே கொள்ளலாம்.

ஏறத்தாழ 600 மில்லியன் வெள்ளிச் செலவில் முடிந்த கலையரங்கத்தை 2002ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அதிபர் எஸ். ஆர். நாதன் திறந்துவைத்தார். சிங்கப்பூரின் மிகப் பெரிய பண்பாட்டுக் கட்டடத்தைத் தமிழ் மரபினர் ஒருவர் திறந்துவைத்தமை குறிப்பிடத்தக்கது.

உள்ளே செல்வோம்

வாயிலைக் கடந்தவுடன் வருகையாளர் நிற்பது இரண்டு பெரிய அரங்குகளுக்கு நடுவே அமைந்த பொதுக்கூடத்தில். இங்கு எவரும் சீட்டுக் கேட்பதில்லை. மாலை வேளைகளில் இக்கூடத்திலும் நீரோரத் திறந்தவெளி அரங்கிலும் கட்டணமில்லா நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. ஆண்டு முழுவதும் நிகழ்பவற்றுள் பெரும்பகுதி இத்தகையனவே. மேல்மாடித் தோட்டத்திற்கு ஏறினால் மரினா விரிகுடா முழுவதும் கண்முன் விரிகிறது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் 2008இல் திறக்கப்பட்ட இசைநாடக அரங்கு, தன் சாய்வான கூரையையே மக்கள் நடந்தேறும் சதுக்கமாக்கியது. சீட்டு வாங்காதவருக்கும் ஒரு கட்டடம் இடம் தரவேண்டும் என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது. பழைய தேசிய அரங்கின் குன்றுச் சரிவு, வேறு வடிவில் இங்குத் திரும்பியிருக்கிறது எனலாம்.

இப்பொதுக்கூடத்தின் ஒருபுறம் நாடக அரங்கு. ஏறத்தாழ 2,000 இருக்கைகள். ஐரோப்பிய இசைநாடக அரங்குகளின் முறைப்படி குதிரை இலாட வடிவில் மாடங்கள் மேடையைச் சூழ்ந்து வளைகின்றன. பின்னிருப்போரையும் மேடைக்கு நெருக்கமாக்குவது இவ்வளைவின் பயன். காண்போர் ஒருவரையொருவர் காண்பதும், தனித்தனியே வந்தவர்கள் ஓர் அவையாக உணர்வதும் அதன் மற்றொரு பயன்.

மறுபுறம் இசை அரங்கு. ஏறத்தாழ 1,600 இருக்கைகள். இதன் ஒலியமைப்பை வகுத்தவர் அமெரிக்கரான ரஸ்ஸல் ஜான்சன். ரயிலின் அதிர்வும் வானூர்தியின் இரைச்சலும் தீண்டாதவாறு அரங்கு முழுவதும் ஏனைய கட்டடத்திலிருந்து பிரிக்கப்பட்டு, ரப்பர் தாங்கிகளின்மீது நிறுத்தப்பட்டுள்ளது. பெட்டிக்குள் பெட்டி போன்ற அமைப்பு இது. மேடைக்கு மேலே ஏற்றி இறக்கத்தக்க ஒலிக்கூரை. சுவர்களுக்குப் பின்னே, கனத்த கதவுகளைத் திறந்தும் மூடியும் பயன்படுத்தும் முழக்க அறைகள். வேண்டும்போது இறக்கும் திரைகள். நிகழ்ச்சிக்கேற்ப அரங்கின் ஒலியையே மாற்றியமைக்கலாம்.

இதன் தேவையைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர். ஓர் ஒலி எழுந்து நின்றபின்னும் சுவர்களில் பட்டுத் திரும்பித் தேய்வதற்குச் சிறிது காலம் ஆகும். அதனை எதிர்முழக்க நேரம் என்பர். மேலைநாட்டுப் பெரிய இசைக்குழுவுக்கு இரண்டு வினாடி அளவு முழக்கம் வேண்டும். அப்போதுதான் பல கருவிகளின் நாதம் ஒன்றோடொன்று கலந்து நிறையும். பேச்சுக்கு ஒரு வினாடியே மிகுதி. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரையாவது கண்ணிமைப்பொழுது அல்லது கைந்நொடிப்பொழுது. ‘படம்’ என்பதும் ‘பாடம்’ என்பதும், ‘பட்டு’ என்பதும் ‘பாட்டு’ என்பதும் அச்சிறு கால வேறுபாட்டால் பொருள் மாறுகின்றன. முழக்கம் மிகுந்த மண்டபத்தில் முன்னெழுத்தின் வால் பின்னெழுத்தின்மேல் படிகிறது, குறில் நெடில் மயங்குகிறது, ஒற்று மறைகிறது. மிருதங்கத்தின் விரைந்த சொற்கட்டும் பாடகரின் நுண்ணிய கமகமும் அவ்வாறே கலங்கும். எனவே இசைக்குழுவுக்குத் திறந்த கதவுகளை மூடித் திரைகளை இறக்கும் வசதி, தமிழ்ச் சொல்லுக்கும் கருநாடக இசைக்கும் உயிர்நாடி. ஓர் அரங்கு எம்மொழியையும் ஏற்கும் என்பது விருந்தோம்பலை மட்டும் பொறுத்ததன்று, ஒலியியலையும் பொறுத்தது.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. இசைநாடகம் நமக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் ஆக்கிய பாட்டு நாடகங்கள் தமிழ்நாடு முழுவதும் ஆடப்பட்டன. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி வரிசைவரை குரலால் நிறைத்தனர். கீற்றுக் கொட்டகைக்கு எதிர்முழக்கம் மிகக் குறைவு. சொல் தெளிவாகக் கேட்கும், நாதத்திற்குச் சுவரின் துணை கிடைக்காது. அக்குறையைக் குரலின் உயர்சுருதியும் வலிமையும் ஈடுசெய்தன. அரங்கின் அமைப்பு பாடகரின் குரலையே உருவாக்குகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இருபது ஆண்டு இடைவெளி

கட்டடம் எழும்போதே உள்ளூர் நாடகக் கலைஞர்கள் ஒரு வினாவை எழுப்பினர். இரண்டு பெரிய அரங்குகளை நிரப்பப் போவது யார்? வெளிநாட்டிலிருந்து வரும் பெருநிகழ்ச்சிகள் அவற்றை நிரப்பும். இம்மண்ணில் எழுதப்படும் நாடகங்களுக்கு வேண்டியவை சிறிய, நடுத்தர அரங்குகள் அல்லவா? தொடக்கத் திட்டத்தில் அத்தகைய அரங்குகள் இடம்பெற்றிருந்தபோதிலும் அவை பிற்காலத்திற்கென ஒத்திவைக்கப்பட்டன. 245 இருக்கைகள் கொண்ட சிற்றிசைக் கூடமும் 220 இருக்கைகள் கொண்ட சிறு நாடகக் கூடமும் மட்டுமே முதலில் அமைந்தன. இருநூற்றுக்கும் இரண்டாயிரத்திற்கும் இடையே பெரிய வெற்றிடம்.

இவ்வெற்றிடம் தமிழ் நாடகத்தை எவ்வாறு தாக்கியது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். சிங்கப்பூர்க் குடியிருப்பாளருள் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். தமிழ் பேசுவோர் அவர்களுள் ஒரு பகுதியினர். ஒரு தமிழ் நாடகத்தின் மூன்று நாள் காட்சிகளுக்கு ஆயிரம் பேர் வருகின்றனர் என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 333 பேர். 2,000 இருக்கை அரங்கில் ஆறில் ஒரு பங்கே நிறையும். நடிகர் வெற்று இருக்கைகளை நோக்கிப் பேச நேரும். 220 இருக்கைக் கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் நாள்தோறும் வெளியே நிற்பர். அனைவரையும் உள்ளே கொள்ள ஐந்து காட்சிகள் வேண்டும், செலவும் கூடும். 550 இருக்கைகள் கொண்ட அரங்காயின், பத்தில் ஆறு பங்கு நிறைந்து அவை களைகட்டும். சிறுபான்மை மொழியின் கலை தழைக்கப் பற்று மட்டும் போதாது. பொருத்தமான அளவும் வேண்டும்.

அந்த 550 இருக்கை அரங்கு, கலையரங்கத்தின் இருபதாம் ஆண்டான 2022இல் நீரோரத்தில் திறக்கப்பட்டது. நன்கொடை அளித்த நிறுவனத்தின் பெயரால் சிங்டெல் வாட்டர்ஃபிரன்ட் தியேட்டர் என வழங்கும் அதில், இருக்கைகளையும் மேடையையும் நிகழ்ச்சிக்கேற்ப மாற்றி அமைக்கலாம். ஒரு தலைமுறை கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குக் கல்லும் இரும்பும் கொண்டு அளித்த விடை அது. நடுப்பகுதியில் இவ்விடைவெளி நிரம்ப இருபது ஆண்டுகள் சென்றன. இதற்கிடையே, குவீன்ஸ்டவுன் வட்டாரத்தைச் சேர்ந்த புவன விஸ்தாவிலேயே 2012இல் ‘ஸ்டார்’ கலையரங்கம் 5,000 இருக்கைகளோடு எழுந்துவிட்டது. பெரிய அரங்கு பேட்டையருகே விரைவில் வந்தது. பொருத்தமான அரங்கே மெல்ல வந்தது என்பதை வரலாறு எழுதுவோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விருபது ஆண்டுகளில் நமக்கு இடமே இல்லாதிருந்தது என்று கூறுதல் பிழையாகும். கலையரங்கம் திறந்த 2002ஆம் ஆண்டிலேயே ‘கலா உத்சவம்’ என்னும் இந்தியக் கலைவிழா தொடங்கி, தீபாவளியையொட்டி ஆண்டுதோறும் நடந்துவருகிறது. கருநாடக இசையும் பரதமும் தமிழ் நாடகமும் அதில் இடம்பெறுகின்றன. 1949இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமும், 1952இல் கே. பி. பாஸ்கர் தொடங்கிய கலைக்கூடமும் அரை நூற்றாண்டாகப் பயிற்றுவித்த கலைஞர் வழிவந்தோர் அம்மேடைகளுக்கு ஆயத்தமாயிருந்தனர். கட்டடம் பின்னர் வந்தது. கலை முன்னரே இருந்தது. இவ்வரிசையை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

நிறைவாக

சிட்னி இசைநாடக அரங்கு கட்டப்பட்டுக்கொண்டிருந்த 1960ஆம் ஆண்டில், அமெரிக்கப் பாடகர் பால் ராப்சன் அக்கட்டுமானக் களத்திற்கே சென்று, சாரங்களின் நடுவே நின்ற தொழிலாளர்க்குப் பாடினார். அரங்கு திறக்கப்பட்டதோ 1973இல். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, அதனைக் கட்டியவர்களே அதன் முதல் அவையினர் ஆயினர். சிங்கப்பூரிலும் உயர்ந்த கட்டடங்கள் பலவற்றை எழுப்புவோருள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர். ஞாயிறு மாலைகளில் லிட்டில் இந்தியாவில் கூடும் அவர்கள், சில நிறுத்தங்கள் தள்ளியுள்ள கலையரங்கத்தின் பொதுக்கூடத்திலும் கட்டணமின்றி நாகசுரம் கேட்கும் நாள் பெருகுமாயின், “அது நமக்கானதா?” என்ற வினாவுக்கு அவர்களிடமிருந்தே விடை கிடைக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களைக் கலையரங்கத்திற்கு அழைத்துச் செல்லும்போது, கட்டடத்தின் முன்னே நின்று படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டா. புறப்படுமுன் பள்ளித் தரையில் ஏழு கோலும் எட்டு கோலும் அளந்து மாதவியின் மேடையைச் சுண்ணக்கட்டியால் வரையச் செய்யுங்கள். அதனுள் ஒரு மாணவர் நின்று பேசட்டும். பிறர் எத்தனை அடி தள்ளி நின்றால் அவர் முகக்குறிப்பு மறைகிறது என்று அளக்கட்டும். ‘படம்’, ‘பாடம்’ என்னும் சொற்களை வகுப்பறையிலும் மாடிப்படிக் கூடத்திலும் பள்ளி மண்டபத்திலும் ஒலித்து, எங்கே மயங்குகின்றன எனக் குறிக்கட்டும். பின்னர் அரங்கினுள் அமர்ந்து கேட்கும்போது, அவர்கள் வெறும் பார்வையாளராக இரார். அளக்கத் தெரிந்தவராக இருப்பர்.

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பகுத்த முன்னோர், மூன்றும் கேட்கப்பட வேண்டியவை என்பதை அறிந்திருந்தனர். வானொலிப் பெட்டியிலிருந்து ஒலித்த தமிழ்க் குரல் இன்று ரப்பர் தாங்கிகளின்மீது நிற்கும் அமைதிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது; அளவும் பொருந்திவிட்டது. இனி வேண்டுவன புதிய நாடகங்களும், அவற்றைக் காண வரும் கால்களும். குவீன்ஸ்டவுனிலிருந்து ஆறே நிலையங்கள்தாம்.